கருவாடு தின்ற வாய்

கம்பவுண்டரே,

நேற்று உன் பல் பிடுங்குகிற குறடு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் தெருமுனையில் வண்டியை நிறுத்தியிருந்தான். ஓட்டை வாளி ஒன்று வீட்டில் கிடந்தது, போட்டுவிட்டு வரலாம் என்று போனேன். அவன் கூடையில் துருப்பிடித்த தாழ்ப்பாள், சைக்கிள் செயின், உடைந்த இரும்புச் சட்டி, இதற்கெல்லாம் நடுவே அது கிடந்தது. ஒரு பக்கத்துக் கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பாயே, அந்தக் கட்டு அப்படியே இருந்தது. எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். லவங்க எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.

"இது எங்கப்பா கெடச்சிது?"

"பஜார்ல அந்தப் பல்லு கம்பவுண்டர் வூட்டம்மா போட்டாங்க டீச்சரம்மா. ஆணி புடுங்க ஆவும். வோணும்னா எடுத்துக்கோ."

வாளியைக் கொடுத்தேன், பேரீச்சம்பழம் வேண்டாம் என்றேன், குறட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். கொல்லையில் அம்மிக்கல்லின் மேல் வைத்துக் குழவியைத் தூக்கிப் போட்டு அடித்தேன். நல்ல இரும்பு, சும்மா சொல்லக் கூடாது. மூட்டு ஆணி தெறித்து இரண்டு துண்டாகிற வரைக்கும் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார். குறட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய் மறுபடி சாப்பிட உட்கார்ந்தார்.

கை வலித்ததுதான் மிச்சம், மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ உயிரோடு இருந்தவரை உன்னை ஐயா என்றும் நீங்க என்றும்தான் கூப்பிட்டேன். உன்னோடு சண்டை போட்ட அன்றைக்குக்கூட அந்த மரியாதை என் வாயிலிருந்து போகவில்லை. செத்துப்போனவரைப் பற்றி மட்டமாகப் பேசக் கூடாது என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்பவர்களுக்குத் தாடை முழுசாக இருக்கிறது. நான் உன்னை நீ என்றுதான் சொல்லப் போகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சர். இடது பக்கம் கீழே கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஒரு வாரமாகக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டேதான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். உத்திரமேரூர் பஜாரில் பல்லுக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர், கைராசிக்காரர், ஒரே இழுப்பு என்றார்கள். உன் அறை வாசலில் மேஜைமேல் மிட்டாய்க்கடை ஜாடி ஒன்று வைத்திருந்தாய். அதில் பாதிக்கு மேல் நீ பிடுங்கின பற்கள். வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். இத்தனை பேர் வாயைத் திறந்திருக்கிறார்கள், நமக்கென்ன என்று அவனும் திறப்பான். நானும் அப்படித்தான் திறந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு கிழவருக்குப் பிடுங்கினாய். அதே குறட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி எடுத்து, வேட்டி முனையில் துடைத்தாய். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அந்த முட்டாள்தனம் என்னுடையது. ஊசி போட்டாய். மரத்துப்போகிற வரைக்கும் உனக்குப் பொறுமை இல்லை, வெளியே சந்தைக் கூட்டம் காத்திருந்தது.

"கண்ண மூடிக்கோம்மா. முருகன நெனச்சிக்கோ."

நினைத்தேன். நீ ஒரு காலை நாற்காலிக் கட்டையில் ஊன்றிக்கொண்டு ஆட்டி ஆட்டி இழுத்தாய். மடக்கென்று ஒரு சத்தம் வந்தது. என் காதுக்கு உள்பக்கமாகக் கேட்ட சத்தம் அது. உனக்கும் கேட்டது. உன் கை ஒரு நொடி நின்றதை நான் தாடையில் உணர்ந்தேன். பிறகு ஓர் இழுப்பு, பல் வந்துவிட்டது.

பிடுங்கின பல்லை ஆளிடம் காட்டுவது உன் வழக்கம். கிழவரிடமும் காட்டினாய். "பாத்துக்கோ, எம்மா நீள வேரு" என்று சொல்லிவிட்டு ஜாடிக்குள் போட்டாய், ணங்கென்று கேட்டது. என் பல்லை நீ காட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்த்தாய். ஜாடியில் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. வலியிலும் ரத்தத்திலும் அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"வேரோட வந்துடுச்சி" என்றாய். லவங்க எண்ணெயில் தோய்த்த பஞ்சை வைத்து அமுக்கினாய். "பத்தியம் முக்கியம். கருவாடு, கத்திரிக்கா, புளி, மூணும் பதினஞ்சு நாளைக்குக் கிட்ட வரப்படாது."

இரண்டாம் நாள் மத்தியானம் நான் கருவாடு தின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன். உப்பில்லாத கஞ்சி நாக்கில் மண்ணாக இருந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு சுட்ட வாசனை வந்தது. ஒரு துண்டு கேட்டு வாங்கினேன், கட்டைவிரல் நீளம் இருக்கும், கஞ்சியில் பிசைந்து விழுங்கினேன். அவ்வளவுதான் என் குற்றம்.

மூன்றாம் நாள் வலி ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவள் நான். பிரசவ வலியை இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூட மாட்டேன். பல் இருந்த பள்ளத்தில் தொடங்கி காது, நெற்றிப்பொட்டு, கழுத்து என்று இழுத்துப் பிடித்தது. என் வீட்டுக்காரர் ரைஸ் மில் வேலைக்குப் போகாமல் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து உன்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். நீ என் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதல் கேள்வியே, "இன்னா சாப்ட்ட?"

உண்மையைச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறவள், எப்படிப் பொய் சொல்வேன். சொன்னதும் உன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதற்கு அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. காத்துக்கொண்டிருந்த ஆறேழு பேர் பக்கம் திரும்பினாய்.

"பாத்துக்கினீங்களா? படிச்ச பொண்ணு, டீச்சரு. சொல்லச் சொல்லக் கருவாடு துன்னுட்டு வந்து நிக்குது. நானு இன்னா பண்ணட்டும்?"

அவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நீ ஒரு வைத்தியம் சொன்னாய். மணலை வறுத்துத் துணியில் முடிந்து மூன்று வேளையும் கன்னத்தில் ஒத்தடம், கெட்ட நீர் தானாக வெளியே வந்துவிடும். வந்தது. இருபது நாள் கழித்துத் தாடைக்குக் கீழே தோலை ஓட்டை போட்டுக்கொண்டு வந்தது.

அப்புறம் ஐந்து மாதம். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. கீழுதட்டில் பாதி மரத்துப்போய், கஞ்சி ஒழுகுவது எனக்கே தெரியாது, பிள்ளைகள் சிரிக்கும்போதுதான் துடைத்துக்கொள்வேன். அந்த ஓட்டையிலிருந்து சீழ் நின்றபாடில்லை. துண்டை மடித்துத் தாடையோடு சேர்த்துத் தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு பால்வாடிக்குப் போனேன். என் மடியை விட்டு இறங்காத ஒரு பெண் குழந்தை ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தது. "டீச்சர் நாறுது" என்றது. அது பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் வாசல்படியில் உட்கார்ந்தேன், ஆயம்மா உள்ளே இருந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

இதில் எனக்கு வயிறு எரிகிற இடம் எது தெரியுமா? அந்த ஐந்து மாதமும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல்தான் கோபம். ஒரு துண்டு கருவாட்டுக்கு நாக்கைத் தொங்கப்போட்ட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். இனிமேல் கருவாடே தொடமாட்டேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பத்தியம் முறித்த நோவுக்கு எந்த டாக்டர் என்ன செய்வார் என்று இருந்துவிட்டோம். "அன்னிக்கு ஒருநாளு வாயக் கட்டியிருந்தா" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்து பாதியில் நிறுத்திக்கொள்வார். நீ எங்கள் எல்லோர் மண்டையிலும் ஒரு கருவாட்டைத் தொங்கவிட்டிருந்தாய்.

ஒருநாள் காலை துணி மாற்றும்போது அந்த ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. நொய்யரிசி என்று நினைத்து எடுத்தேன். எலும்பு. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் அடுத்த பஸ்ஸிலேயே என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரியில் பல்லுக்கு ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் இருந்தார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இதோ தெரியுது பாருங்க, இது பல்லோட வேர் நுனி. புடுங்கும்போது உடைஞ்சு உள்ளேயே நின்னுடுச்சு. சுத்தியும் தாடை எலும்பு சீழ் புடிச்சு செத்துப்போயிருக்கு. செத்த எலும்பை எடுத்தாத்தான் மிச்சம் பிழைக்கும்."

அப்போது நான் கேட்ட முதல் கேள்வி என்ன என்று உனக்குச் சொல்லவேண்டும். பிழைப்பேனா என்று கேட்கவில்லை. "கருவாடு துன்னதாலயா டாக்டரம்மா?" என்றுதான் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "யாரும்மா சொன்னது? கருவாடு எலும்பைத் தின்னாது. கழுவாத குறடும், உள்ளே விட்ட வேரும் போதும். நாலாம் நாளே வந்திருந்தா சின்னதா சுத்தம் பண்ணி மருந்தோட அனுப்பியிருப்போம்" என்றார். ஒத்தடத்தைப் பற்றிச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். சூட்டால்தான் சீழ் வெளித்தோல் பக்கம் வழி தேடிக்கொண்டதாம். என் வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதார். கல்யாணமாகி அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன்.

தாடையைத் திறந்து சுரண்டி எடுத்தார்கள். எடுத்ததை எனக்குக் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒரு சின்ன மருந்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். மூன்று எலும்புத் துண்டு, ஒரு வேர் நுனி. இடது கன்னம் உள்ளே போய்விட்டது, தாடைக்குக் கீழே விரல் நுனி போகிற அளவுக்கு ஒரு குழி. கடினமானது எதையும் கடிக்காதே, எலும்பு ஒல்லியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். முறுக்கு, பட்டாணி, கரும்பு, எல்லாம் அன்றோடு போயிற்று.

அடுத்த சந்தை நாள் குப்பியோடு உன் அறைக்கு வந்தேன். உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். கூட்டத்துக்கு முன்னால்தான் கேட்டேன்.

"ஐயா, அந்த ஜாடியக் கொட்டுங்க. என் பல்லு அதுல கீதான்னு பாப்போம். வேரு உடைஞ்ச பல்லு. மிச்ச வேரு என் கையில கீது."

"ஆயிரம் பல்லுல உன்து எதுன்னு நான் கண்டேனா? போம்மா. கருவாடு துன்ன வாய்க்கி நானா பொறுப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பஜாரில் எனக்குக் கருவாட்டு டீச்சர் என்று பேர். நான் உன்னிடம் நஷ்டஈடு கேட்கவில்லை, காலில் விழச் சொல்லவில்லை. 'வேர் உடைஞ்சிடுச்சி, என் தப்பு' என்று அந்த ஆறேழு பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை. அதைத்தான் கேட்டேன்.

நீ சொல்லவில்லை. சரி, என் முகம் சொல்லட்டும் என்று முடிவு பண்ணினேன். உன் அறைக்கு நேர் எதிரே சோடாக்கடை பெஞ்சு. ஒவ்வொரு சந்தை நாளும் காலையில் வந்து அதில் உட்கார்ந்தேன். முக்காடு இல்லை, துண்டு இல்லை. வீங்கின கன்னத்தோடு யாராவது உன் படியேறப் போனால் என் இடது பக்கத்தை அவர்கள் பார்க்கும்படித் திரும்பி உட்காருவேன். அவர்கள் பார்ப்பார்கள், நிற்பார்கள், என்னிடம் வருவார்கள். "இன்னாம்மா ஆச்சு உனக்கு?" நான் உன் அறையைக் கையால் காட்டுவேன். எந்த பஸ்ஸில் ஏறவேண்டும், ஆஸ்பத்திரியில் எந்த வாசல், எந்த ரூம் என்று சொல்லி அனுப்புவேன். தனியாகப் போகப் பயப்பட்ட பெண்களுக்கு நானே துணைக்குப் போனேன்.

நீ ஜன்னல் வழியாக என்னை முறைத்துக்கொண்டு நிற்பாய். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். ஜாடியில் பல் ஏறுகிறதா என்று வாராவாரம் பார்ப்பேன். ஏறவில்லை. இரண்டு வருஷத்தில் ஜாடிமேல் தூசி படிந்தது. அப்புறம் நீ அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டாய்.

உன் சம்சாரம் ஒருநாள் சோடாக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. உன்னோடு எப்படிக் குடித்தனம் நடத்தினாரோ.

"வுட்டுடும்மா. மனுசன் சரியா சோறு துன்றதில்ல."

"அக்கா, ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. நாளைக்கே இந்த பெஞ்ச வுட்டு எழுந்துடறேன்."

"அது அவரு வாயில வராதும்மா" என்றார். எழுந்து போய்விட்டார். நானும் பெஞ்சை விடவில்லை.

பிறகு அந்த பஸ். அன்றைக்கு என் கூட யாரும் வரவில்லை, எனக்கே தாடையைக் காட்டவேண்டிய நாள். செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டில் நீ. கன்னம் பூரியாக உப்பியிருந்தது. அங்கவஸ்திரத்தால் மூடிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நேராகப் போய் உன் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"எந்தப் பல்லு ஐயா?"

நீ அங்கவஸ்திரத்தை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாய்.

"கருவாடு துன்னீங்களா?"

பஸ்ஸில் நம் பக்கத்து ஜனங்கள்தான் நிறைய. ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரித்தார். அன்றைக்கு உன் அறையில் எழுந்த அதே சிரிப்பு, இந்தத் தடவை உன் பக்கம் போனது. வாழ்க்கையில் நான் சாப்பிட்டதிலேயே ருசியான சாப்பாடு அது. ஊருக்கெல்லாம் பல் பிடுங்கினவன் தன் பல்லுக்கு அந்தக் குறட்டை நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் அதே ரூம் வாசலில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாய். உள்ளே குறடுகளைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்தார்கள், நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். திரும்புகிற பஸ்ஸில் கேட்டேன். "இப்பயாவது சொல்லுங்க ஐயா." வாயில் பஞ்சோடு கையை ஆட்டினாய், அப்புறம் என்று. அந்த அப்புறம் வரவே இல்லை. போன ஆடியில் மார்வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாய்.

செய்தி கேட்டதும் குப்பியை எடுத்து ஒரு எலும்புத் துண்டைக் கொட்டிக்கொண்டேன். வாய்க்கரிசி போட ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். கைநிறைய அரிசி, அரிசிக்குள்ளே என் எலும்பு. உன் வாயில் போட்டு அனுப்பவேண்டும் என்று வந்திருந்தேன். கிட்டே போனதும் பார்த்தேன், உன் தாடை தொங்காமல் இருக்க வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஐந்து மாதம் நான் கட்டியிருந்த அதே கட்டு. தலைமாட்டில் உன் சம்சாரம் உட்கார்ந்திருந்தார். என் மூடின கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நீ இன்னா எடுத்துக்கினு வந்துகீறன்னு எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "போடு."

நான் அரிசியை மட்டும் போட்டேன். மனசு இளகி அல்ல. போட்டால் அது உன்னோடு எரிந்துபோகும், அத்தோடு பேச்சு முடிந்துபோகும் என்று அந்த நொடியில் தோன்றியது. முடித்துக்கொடுக்க நான் ஏன் வரவேண்டும்? எலும்பை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உன் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பழுத்துப்போன ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"மேஜ டிராயருல பூட்டி வெச்சிக்கினு இருந்தாரு. இது ஒண்ணு மட்டும் ஜாடியில போடல. எப்பவாச்சும் எடுத்துப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. இன்னாதுன்னு கேட்டா எரிஞ்சு வுழுவாரு. வேரு உடைஞ்ச பல்லு. உன்துதான்."

அவர் போனபிறகு பிரித்தேன். கடைவாய்ப் பல். ஒரு வேர் முழுசாக, இன்னொன்று பாதியில் முறிந்து. குப்பியிலிருந்து வேர் நுனியை எடுத்து அந்த முறிவில் வைத்தேன். பொருந்தியது. கோடுகூடத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்த முறிவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கே தெரிஞ்சிருக்கு" என்றார்.

தெரிந்திருக்கிறது. மடக்கென்ற அந்த நொடியிலேயே தெரியும் உனக்கு. தெரிந்துதான் முதலில் கருவாட்டைக் கேட்டாய், தெரிந்துதான் மணலை வறுக்கச் சொன்னாய். தெரிந்துகொண்டே அத்தனை வருஷமும் ஜன்னல் வழியாக என் கன்னத்தைப் பார்த்தாய். எடுத்து எடுத்துப் பார்த்தாயாமே, அதற்காக நான் உருகவேண்டும் என்று உன் சம்சாரம் நினைத்திருக்கலாம். நான் உருகவில்லை. தெரியாமல் செய்தவன் என்று மனசின் ஒரு மூலையில் உனக்கு வைத்திருந்த சந்தேகத்தின் பலனையும் அன்றைக்கு எடுத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பல்லும், வேர் நுனியும், மூன்று எலும்பும் ஒரு சுண்ணாம்பு டப்பாவில் என் இடுப்புச் செருகலில் இருக்கின்றன. சந்தையில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் திறந்து காட்டுகிறேன், உன் பேரைச் சொல்லியே காட்டுகிறேன். என் வீட்டுக்காரரிடமும் மகளிடமும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் போகிற அன்றைக்கு, என் வாய்க்கரிசியோடு இந்த டப்பாவில் இருக்கிற அத்தனையையும் என் வாயிலேயே போட்டு அனுப்பவேண்டும். மகள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் சரி என்றிருக்கிறாள்.

அங்கே வந்ததும் நான் வேறு யாரையும் தேடப் போவதில்லை. நேராக உன்னிடம்தான் வருவேன், வாயைத் திறந்து காட்டுவேன். நீ சொல்லவேண்டியது அதே ஒரு வார்த்தைதான். அதுவரைக்கும் சொல்லிப் பழகிக்கொள்.

இப்படிக்கு,
கருவாட்டு டீச்சர்